பழைய மிதிவண்டிகளில் இறுகிய பாகங்களை விடுவித்தல்: ஒரு வரலாறு

பழைய மிதிவண்டி ஒன்றைப் புதுப்பிக்கும்போது அதிக நேரம் பிடிப்பது வண்ணம் பூசுவதோ சக்கரம் கோப்பதோ அன்று. பல்லாண்டுகளாக அசையாமல் இறுகிக் கிடக்கும் பாகங்களை உடைக்காமல் கழற்றுவதே பெரிய வேலை. கிராங்க்கை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின், பெடல், ஹேண்டில்பார் தண்டு, சீட் தண்டு, பின்சக்கரத்தின் பிரிவீல் ஆகியவை பெரும்பாலும் இறுகும் இடங்கள். இவற்றை வலிமையால் மட்டும் கழற்ற முயன்றவர்கள் வண்டியையே இழந்ததுண்டு. ஒவ்வொரு இணைப்பும் ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட தேவைக்காக வடிவமைக்கப்பட்டது. அது எந்தத் திசையில் இறுகும், எந்தத் திசையில் கழலும், எது முதலில் உடையும் என்பதெல்லாம் அந்த வரலாற்றிலேயே அடங்கியுள்ளன. எனவே இறுகிய பாகத்தை விடுவிப்பது கைத்திறனோடு வரலாற்றறிவும் சேர்ந்த வேலையாகும்.

இக்கட்டுரை இங்கிலாந்தில் உருவாகி, இந்தியாவில் நீண்டகாலம் ஓடிய ரோட்ஸ்டர் வகை மிதிவண்டியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

ரோட்ஸ்டர் வண்டியின் பின்னணி

1817இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய இரு சக்கர வண்டி பெரும்பாலும் மரத்தால் ஆனது. அதில் பெடல் இல்லை. ஓட்டுபவர் காலால் நிலத்தை உந்திச் சென்றார். 1860களில் பாரிசில் முன்சக்கரத்தில் பெடல் பொருத்திய வண்டிகள் வந்தன. 1870களில் உயரமான முன்சக்கரம் கொண்ட வண்டிகள் புகழ்பெற்றன. 1880இல் ஹான்ஸ் ரெனால்டு மான்செஸ்டரில் உருளைச் சங்கிலியை உருவாக்கினார். 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி கவென்ட்ரி நகரில் ‘ரோவர்’ வண்டியை வெளியிட்டார். இரண்டு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவு, பின்சக்கரத்தைச் சங்கிலி இயக்கும். இன்றைய மிதிவண்டியின் வடிவம் அங்கிருந்து தொடங்குகிறது. 1888இல் ஜான் பாய்டு டன்லப் பெல்பாஸ்ட் நகரில் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார்.

அதே 1888இல் நாட்டிங்காம் நகரில் பிராங்க் பௌடன் ராலே நிறுவனத்தைத் தொடங்கினார். ராலே, பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ், ஹம்பர், ரட்ஜ் போன்ற பெயர்களில் வெளிவந்த கறுப்பு நிற ரோட்ஸ்டர் வண்டிகள் பல நாடுகளுக்குச் சென்றன. ‘முழுவதும் எஃகாலான மிதிவண்டி’ என்றே ராலே தன் வண்டியை விளம்பரப்படுத்தியது. அந்த விளம்பரம் உண்மை. பிரேம், ஃபோர்க், கிராங்க், ஹேண்டில்பார், ரிம், மட்கார்டு, செயின் கவர் யாவும் எஃகு. வண்டியின் உறுதிக்குக் காரணம் இதுவே. எஃகோடு எஃகு துருவால் ஒட்டிக்கொள்வதற்கும் இதுவே காரணம்.

பாகங்கள் இறுகுவது ஏன்?

பாகங்கள் இறுகுவதற்கு நான்கு காரணங்களைக் கூறலாம்.

முதலாவது துரு. இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகிறது. துருவின் கன அளவு அது உருவான இரும்பின் கன அளவைப்போல் இரு மடங்குக்கும் மேல். திருகுக்கும் அதன் துளைக்கும் இடையே உள்ள மயிரிழை இடைவெளியில் துரு பிடித்தால், விரிவதற்கு இடமின்றி இரு பக்கமும் அழுத்துகிறது. உப்புக் காற்று இதனை விரைவுபடுத்தும். ஆகவே சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் கிடந்த வண்டிகள் உள்நாட்டு வண்டிகளைவிட மோசமாக இறுகியிருக்கும்.

இரண்டாவது, இருவேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொடுவது. எஃகுக் குழாய்க்குள் அலுமினியத் தண்டு இருந்து, இடையில் உப்புநீரும் புகுந்தால், அந்த இணைப்பு ஒரு சிறு மின்கலம்போல் செயல்படுகிறது. அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்ணிற ஆக்சைடாக மாறி இடைவெளியை அடைக்கிறது. முழு எஃகு ரோட்ஸ்டரில் இச்சிக்கல் குறைவு. அலுமினியப் பாகங்கள் கொண்ட பந்தய வண்டிகளில் மிகுதி.

மூன்றாவது, காய்ந்துபோன எண்ணெயும் கிரீசும். பல ஆண்டுகள் கழித்து இவை பிசின்போல் ஆகிவிடுகின்றன. துருவே இல்லாத பாகமும் இதனால் அசையாமல் நிற்கும்.

நான்காவது, வண்டி ஓடும்போதே இறுகும் அமைப்பு. பிரிவீல், பெடல் இரண்டும் ஓட்ட ஓட்ட இறுகுமாறு வேண்டுமென்றே அமைக்கப்பட்டவை. பல ஆண்டுகள் ஒருவர் உடல் எடையைக் கொடுத்து மிதித்த விசை அந்த மரையில் சேர்ந்திருக்கிறது.

கழற்றும் முறை இந்நான்கில் எது காரணம் என்பதைப் பொறுத்தே அமையும். பிசினான கிரீசுக்குச் சுத்தியல் தேவையில்லை, மண்ணெண்ணெயே போதும். துருவுக்கு எண்ணெயும் காலமும் வேண்டும். அலுமினிய ஆக்சைடுக்குச் சாதாரண எண்ணெய் அதிகம் உதவாது.

மரைகளின் வரலாறு

திருகின் மேல் சுற்றி ஓடும் புரியைப் பட்டறைகளில் மரை என்பர். தொடக்கத்தில் ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் விருப்பப்படி மரை வெட்டியது. ஓரிடத்தில் செய்த நட்டு மற்றோரிடத்துப் போல்ட்டில் ஏறாது. 1841இல் ஜோசப் விட்வொர்த் இங்கிலாந்தில் ஒரு சீர்முறையை முன்வைத்தார். அதில் மரையின் கோணம் 55 பாகை. பொது இயந்திரங்களுக்கு அது பொருந்தினாலும், மெல்லிய குழாய்களால் ஆன மிதிவண்டிக்கு இன்னும் நெருக்கமான, ஆழம் குறைந்த மரை தேவைப்பட்டது. 1902இல் இங்கிலாந்தின் மிதிவண்டிப் பொறியாளர் சங்கம் தனி அளவுமுறை ஒன்றை வகுத்தது. அதில் மரைக் கோணம் 60 பாகை. பல பாகங்களில் ஓர் அங்குலத்துக்கு 26 மரைகள். பின்னாளில் இதுவே பிரித்தானிய மிதிவண்டித் தர அளவாயிற்று.

ஆயினும் எல்லா நிறுவனங்களும் எல்லாப் பாகங்களிலும் ஒத்துப்போகவில்லை. நடு அச்சைத் தாங்கும் கிண்ணங்களுக்குப் பெரும்பாலான இங்கிலாந்து வண்டிகளில் அங்குலத்துக்கு 24 மரைகள். ராலே வண்டிகளில் 26. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ராலே பிரேமில் 24 மரைக் கிண்ணத்தை வலிந்து திருகினால் இரண்டு சுற்று ஏறி இறுகிவிடும். பிரேமின் மரையும் அழியும். இறுகிய பாகத்தை உடைத்துவிட்டுப் புதியது வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணுபவர்கள் இதனை நினைவில் கொள்ள வேண்டும். உடைந்தது கிண்ணம் மட்டுமன்று. கடையில் எளிதில் கிடைக்காத ஓர் அளவும் அதனோடு போகிறது.

ஸ்பேனரும் இதே வரலாற்றுக்கு உட்பட்டது. அங்குல அளவில் செய்த நட்டின் மேல் மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டால் சிறிது தளர்வாக உட்காரும். இறுகிய நட்டில் அந்தத் தளர்வே நட்டின் முனைகளைத் தேய்த்து உருட்டிவிடும். முனை தேய்ந்த நட்டைப் பின்னர் எந்த ஸ்பேனரும் பிடிக்காது. சரியான அளவு ஸ்பேனரைத் தேடி எடுப்பது முதல் வேலையாக இருக்க வேண்டும்.

இடப்புற மரையின் புதிர்

புதிதாக வண்டி கழற்றுபவர்கள் மிகுதியாகத் தவறு செய்யும் இடம் பெடல். வலப்பக்கப் பெடலில் வழக்கமான மரையும் இடப்பக்கப் பெடலில் எதிர்த்திசை மரையும் உள்ளன. இதற்குக் காரணம் உண்டு. ஒரு பென்சிலைக் கைப்பிடிக்குள் தளர்வாகப் பிடித்து, அதன் வெளிமுனையை வட்டமாகச் சுழற்றிப் பார்த்தால், பென்சில் தன் அச்சில் எதிர்த்திசையில் மெல்லச் சுழல்வதைக் காணலாம். பெடலை மிதிக்கும்போதும் அதன் அச்சின்மீது எடை வட்டமாகச் சுற்றி விழுகிறது. மரையில் உள்ள சிறு இடைவெளி காரணமாக அச்சு எதிர்த்திசையில் மெல்ல உருள முயல்கிறது. இரு பக்கமும் வழக்கமான மரை இருந்தால் இடப்பக்கப் பெடல் ஓடும்போதே கழன்று விழும். தொடக்ககால வண்டிகளில் அவ்வாறே நடந்தது. பின்னாளில் விமானத்தால் புகழ்பெற்ற ரைட் சகோதரர்கள் அமெரிக்காவின் டேட்டன் நகரில் மிதிவண்டி செய்து விற்றவர்கள். கழன்று விழாத பெடல் என்று அவர்கள் 1900இல் அறிவித்தது இத்தகைய எதிர்மரைப் பெடலைத்தான்.

எனவே இறுகிய இடப்பக்கப் பெடலை வழக்கமான திசையில் திருகுபவர் அதனைக் கழற்றவில்லை, மேலும் இறுக்குகிறார். நினைவில் கொள்ள எளிய விதி ஒன்று உண்டு. எந்தப் பக்கமானாலும், பெடல் அச்சில் ஸ்பேனரை மேல்நோக்கி நிற்குமாறு மாட்டி, அதன் மேல்முனையைப் பின்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் பெடல் கழலும்.

நடு அச்சின் வலப்பக்கக் கிண்ணத்திலும் இதே கதை. இங்கிலாந்து வண்டிகளில் அதற்கு எதிர்மரை. வலப்பக்கம் நின்று பார்த்தால் கடிகார முள் திசையில் கழலும். பழைய பிரான்சு, இத்தாலி வண்டிகளில் அங்கும் வழக்கமான மரையே. வண்டி எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதை அறியாமல் கிண்ணத்தைத் தொடக்கூடாது என்பதற்கு இது போதிய காரணம்.

இக்கிண்ணத்தின் விளிம்பு மெல்லியது. ஸ்பேனர் எளிதில் வழுக்கும். அதற்கு ஒரு வழி உண்டு. நடு அச்சை எடுத்தபின், கிண்ணத்தின் துளை வழியாகத் தடித்த போல்ட் ஒன்றைச் செருகி, உள்ளும் புறமும் வாஷர் வைத்து நட்டால் இறுக்க வேண்டும். பின்னர் வெளியிலிருந்து கடிகாரத் திசையில் திருகிக்கொண்டே போனால், போல்ட் மேலும் இறுக இடமின்றிக் கிண்ணத்தையும் தன்னோடு சுழற்றும். எதிர்மரை ஆதலால் இறுக்கும் விசையே கழற்றும் விசையாகிறது. எனினும் கிண்ணம் நல்ல நிலையில் இருந்தால் அதனைக் கழற்றாமல் இருந்த இடத்திலேயே துடைத்து, புதிய கிரீசும் பால்ஸும் இட்டு விடுவதே நல்லது.

காட்டர் பின்

ரோட்ஸ்டர் வண்டியில் மிகுதியாகப் பாழாக்கப்படும் பாகம் காட்டர் பின். இது மிதிவண்டிக்காகப் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. இரண்டு இரும்புத் தண்டுகளை ஆப்பு செருகிப் பிணைக்கும் முறை நீராவி எந்திரங்களில் ஏற்கெனவே இருந்தது. மிதிவண்டிப் பொறியாளர்கள் அதனைச் சிறிதாக்கி எடுத்துக்கொண்டனர்.

இதன் அமைப்பு எளியது. நடு அச்சின் முனையில் ஒரு தட்டையான வெட்டு இருக்கும். கிராங்க்கில் குறுக்காக ஒரு துளை இருக்கும். அத்துளை வழியாகச் செருகும் பின்னின் ஒரு பக்கம் சாய்வாகச் சீவப்பட்டிருக்கும். உள்ளே தள்ளத் தள்ள அச்சாய்வு அச்சின் தட்டைப் பகுதியை அழுத்தி, கிராங்க்கை அசையாமல் பிடிக்கும். பின்னின் மெல்லிய முனையில் சிறு நட்டு இருக்கும். இங்கிலாந்து வண்டிகளில் பின்னின் பருமன் பெரும்பாலும் 9.5 மில்லிமீட்டர், அதாவது எட்டில் மூன்று பங்கு அங்குலம்.

பலரும் அறியாத செய்தி, அந்த நட்டின் வேலை பின்னை இழுத்து இறுக்குவதன்று என்பது. பின்னை அழுத்தி அல்லது அடித்து உட்செலுத்த வேண்டும். அது தளராமல் காப்பதே நட்டின் பணி. நட்டைக்கொண்டே பின்னை இழுக்க முயன்றால் மரை அழியும். அல்லது பின் சரியாக உட்காராமல் ஆடி, அச்சின் தட்டைப் பகுதியையும் தேய்த்துவிடும்.

கழற்றும்போது நடக்கும் தவறு பின்வருமாறு. நட்டை முழுதும் எடுத்துவிட்டு, மரையுள்ள மெல்லிய முனையைச் சிறு சுத்தியலால் பலமுறை தட்டுகின்றனர். ஒவ்வொரு தட்டிலும் முனை சிறிது வளைந்து, காளான்போல் விரிகிறது. விரிந்த முனை துளைக்குள் நுழையாது. அடியின் விசை கிராங்க் வழியே இறங்கி, நடு அச்சின் பால்ஸ் கிண்ணத்தில் குழி உண்டாக்குகிறது. பின்னும் வரவில்லை, கிண்ணமும் பாழ்.

சரியான முறையில் முதலில் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் காத்திருக்க வேண்டும். பிறகு நட்டைச் சிறிது தளர்த்தி, அதன் மேற்பரப்பும் பின்னின் முனையும் ஒரே மட்டத்தில் இருக்குமாறு விட வேண்டும். நட்டு மரையைக் காக்கும். பின்னின் தலை கீழ்நோக்கி இருக்குமாறு கிராங்க்கைத் திருப்பி, தரையிலிருந்து கிராங்க் வரை எட்டும் தடித்த இரும்புக் குழாயைத் தாங்கலாக நிறுத்த வேண்டும். பின்னின் தலை குழாயின் துளைக்குள் இறங்க இடம் இருக்க வேண்டும். இப்போது கனமான சுத்தியலால் நேராக ஓர் அடி. தாங்கல் இருப்பதால் விசை முழுவதும் பின்னுக்கே போகும். இருபது மெல்லிய தட்டுகளைவிட ஒரே வலிய அடி சிறந்தது. அடிப்பவர் கண்ணாடி அணிவது கட்டாயம். கெட்டியான எஃகிலிருந்து துகள் தெறிக்கக்கூடும்.

சுத்தியலைவிட நல்ல வழி அழுத்துகருவி. பெரிய வைஸ் அல்லது இதற்கென்றே செய்த சிறு திருகு அழுத்துகருவி பின்னை அதிர்ச்சியின்றி வெளியேற்றும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மிதிவண்டிப் பழுது வல்லுநராக இருந்த ஷெல்டன் பிரவுன் (1944–2008) பழைய இங்கிலாந்து வண்டிகளைப் பற்றி எழுதிய குறிப்புகள் இத்தகைய முறைகளை உலகெங்கும் பரப்பின.

எதுவும் பயன்படாதபோது பின்னைத் துளையிட்டு எடுப்பதுண்டு. அதில் பின் அழியும். ஆனால் கிராங்க்கும் அச்சும் தப்பும். புதிய பின்னைப் பொருத்தும்போது இரு பக்கப் பின்களும் எதிரெதிர்த் திசையில் இருக்க வேண்டும். ஒரே திசையில் செருகினால் இரு கிராங்க்குகளும் ஒரே நேர்கோட்டில் நில்லா. சிறிது தொலைவு ஓட்டியபின் மறுபடியும் அழுத்தி நட்டை இறுக்குவது அவசியம்.

பிரான்சின் ஸ்ட்ராங்லைட் நிறுவனம் 1933இல் சதுர முனை அச்சில் பொருந்தும் அலுமினியக் கிராங்க்கை வெளியிட்டது. அதற்குக் காட்டர் பின் தேவையில்லை. பந்தய வண்டிகள் மெல்ல அதற்கு மாறின. விலை குறைந்த அன்றாட வண்டிகளில் காட்டர் பின் பல பத்தாண்டுகள் நீடித்தது.

ஹேண்டில்பார் தண்டும் சீட் தண்டும்

ஹேண்டில்பார் தண்டு ஃபோர்க்கின் குழாய்க்குள் இறங்கி நிற்கும். அதன் நடுவே நீண்ட போல்ட் ஒன்று உண்டு. போல்ட்டின் அடியில் கூம்பு வடிவக் காய். போல்ட்டை இறுக்கினால் கூம்பு மேலேறித் தண்டின் பிளந்த அடிப்பகுதியை விரிக்கும். தண்டு குழாயைக் கவ்விக்கொள்ளும். போல்ட்டைத் தளர்த்தியும் தண்டு அசையவில்லை என்று ஹேண்டில்பாரைப் பிடித்து முறுக்குவோர் பலர். காரணம், போல்ட் தளர்ந்தாலும் கூம்பு அப்படியே ஒட்டி நிற்கிறது. போல்ட்டை மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்தி, அதன் தலைமேல் மரக்கட்டை வைத்துத் தட்டினால் கூம்பு கீழே விழும். தண்டு எளிதில் சுழலும்.

சீட் தண்டு வேறு வகை. பிரேமின் நடுக்குழாய்க்குள் பல அங்குல நீளத்துக்கு அது உட்கார்ந்திருக்கும். இடையில் மழைநீர் இறங்கும். கிளாம்ப்பைத் தளர்த்தி மேலிருந்து எண்ணெய் விட்டால் மேற்பகுதியில் மட்டும் ஊறும். பல பிரேம்களில் நடுக்குழாயின் அடிப்பகுதி நடு அச்சுக் கூட்டுக்குள் திறந்திருக்கும். நடு அச்சைக் கழற்றி, வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, அவ்வழியே எண்ணெய் விட்டால் தண்டின் அடிமுனையிலிருந்து ஊறும். நாள்தோறும் சிறிது எண்ணெய் விட்டு ஒரு வாரம் காத்திருப்பது வழக்கம். பின்னர் தண்டை நேராக இழுக்காமல், இரு பக்கமும் சிறிது சிறிதாகச் சுழற்ற வேண்டும். தண்டை வைஸில் பிடித்துப் பிரேமையே நெம்புகோலாகச் சுழற்றுவதும் உண்டு. வலிமை மிகுந்தால் பிரேமின் குழாய் முறுகும். முறுகிய குழாயைச் சீராக்குவது மிகக் கடினம்.

எண்ணெய்களின் வரலாறு

மிதிவண்டிக்கென்றே உருவான எண்ணெய்களுள் ஒன்று ‘3-இன்-ஒன்’. 1894இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஜார்ஜ் கோல் என்பவர் அதனை உருவாக்கினார். துடைத்தல், வழவழப்பாக்கல், துருவிலிருந்து காத்தல் ஆகிய மூன்று பணிகளையும் ஒன்றே செய்யும் என்பதே பெயரின் பொருள். மிதிவண்டி மோகம் உச்சத்தில் இருந்த காலம் அது.

இன்று இறுகிய நட்டைக் கண்டதும் பலர் கையில் எடுப்பது ‘டபிள்யூ.டி.-40’. இது 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் ராக்கெட் கெமிக்கல் நிறுவனத்தில் உருவாயிற்று. நீரை விலக்குவதே அதன் நோக்கம். 40ஆவது முயற்சியில் வெற்றி கிடைத்ததால் அப்பெயர். அட்லஸ் ஏவுகணையின் மெல்லிய எஃகு உடலைத் துருப்பிடிக்காமல் காக்க அது பயன்பட்டது. துருவால் இறுகிய மரைக்குள் ஆழமாக ஊடுருவுவதற்கென்று முதலில் உருவாக்கப்பட்டதன்று. ஆகவே கடுமையாக இறுகிய இடங்களில், ஊடுருவுவதற்கென்றே செய்த எண்ணெய்களைப் பட்டறையினர் விரும்புகின்றனர்.

ஊடுருவும் எண்ணெய் வேலை செய்வது நுண்புழை விளைவால். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், மிக மெல்லிய இடைவெளியில் நீர்மம் தானே நகர்ந்து செல்கிறது. அதற்கு நேரம் வேண்டும். எண்ணெய் விட்டு ஐந்து நிமிடத்தில் ஸ்பேனரைப் போடுபவர் எண்ணெயை வீணாக்குகிறார். இடையிடையே பாகத்தை மெல்லத் தட்டினால் துருவில் நுண்ணிய வெடிப்புகள் உண்டாகி எண்ணெய்க்கு வழி பிறக்கும். நட்டைச் சிறிது இறுக்கிப் பார்த்துப் பிறகு தளர்த்துவதும் இதே காரணத்தால் பயன் தருகிறது.

வெப்பமும் அதன் எல்லையும்

எஃகு வெப்பத்தால் விரியும். ஆனால் அந்த விரிவு மிகச் சிறிது. 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு வளையம் 200 பாகை செல்சியசு கூடுதலாகச் சூடேறினால் அதன் விட்டம் ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர் மட்டுமே பெருகும். துருவின் பிடியை உடைக்க இதுவே பல நேரங்களில் போதும். வெளிப்பாகத்தை விரைவாகச் சூடாக்கி, உட்பாகம் சூடேறும் முன் திருக வேண்டும்.

அலுமினியத் தண்டு எஃகுக் குழாய்க்குள் இருந்தால் கதை மாறுகிறது. அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். முழு இணைப்பையும் சூடாக்கினால் உள்ளிருக்கும் தண்டு மேலும் இறுகும். அங்கே குளிர்வித்தலே உதவும்.

வெப்பத்துக்கு வேறு விலையும் உண்டு. தொழிற்சாலையில் சூளையில் இட்டுச் சுட்ட கறுப்பு எனாமலும், அதன்மேல் இழுத்த தங்கநிறக் கோடுகளும், நிறுவனத்தின் முத்திரையும் சுடரில் கருகிவிடும். அவற்றை மீண்டும் அதேபோல் உண்டாக்க இயலாது. மேலும் எண்ணெயோ மண்ணெண்ணெயோ ஊறிய இடத்தில் நெருப்பைக் காட்டுவது தீ விபத்துக்கு வழி. அலுமினியத் தண்டைக் காஸ்டிக் சோடாவில் கரைத்தெடுக்கும் முறையும் வழக்கில் உள்ளது. அதில் எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வெளிவரும், கரைசல் தோலையும் கண்ணையும் எரிக்கும். மாணவர்கள் இதனை முயலக்கூடாது.

இந்தியாவில் ரோட்ஸ்டர்

விடுதலைக்கு முன் இந்தியாவில் ஓடிய மிதிவண்டிகளுள் பெரும்பகுதி இங்கிலாந்திலிருந்து இறக்குமதியானவை. விடுதலைக்குப் பின் உள்நாட்டுத் தயாரிப்பு பெருகியது. 1949இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. சென்னையை அடுத்த அம்பத்தூரில் அதன் தொழிற்சாலை அமைந்தது, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. போன்ற பெயர்கள் தமிழ்நாட்டு வீடுகளில் புழங்கலாயின. மேற்கு வங்கத்தின் ஆசன்சோலில் சென்–ராலே நிறுவனம் ராலே வண்டிகளைச் செய்தது. சோனிப்பட்டில் அட்லஸ் 1951இலும், லூதியானாவில் ஹீரோ 1956இலும் தொடங்கின.

இவற்றோடு இங்கிலாந்து ரோட்ஸ்டரின் அமைப்பும் வந்து நிலைத்தது. 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், காட்டர் பின் கொண்ட கிராங்க் ஆகியவை இந்திய வண்டிகளில் தொடர்ந்தன. ஆகவே இந்திய ஊர்களின் சைக்கிள் கடைகளில் காட்டர் பின் இன்றும் எளிய பொருள். ஆயினும் வாங்குவோர் பழைய பின்னைக் கையில் எடுத்துச் சென்று பருமனையும் சாய்வையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. சாய்வு மாறினால் கிராங்க் கோணல் ஆகும்.

தமிழ்நாட்டுச் சைக்கிள் கடைகளில் ‘ஓவராயில்’ என்றொரு வழக்கம் இருந்தது. வண்டியை முழுதாகக் கழற்றி, பால்ஸையும் கிண்ணங்களையும் மண்ணெண்ணெய்த் தட்டில் ஊறவைத்துத் துடைத்து, புதிய கிரீஸ் இட்டுப் பூட்டுவது அது. வாடகை சைக்கிள் விடும் கடைகளுக்கு இது தவிர்க்க முடியாத வேலை. அவ்வப்போது கழற்றப்பட்ட நட்டு இறுகுவதில்லை. 1980இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 போன்ற மொபெட்டுகளும் பின்னர் மோட்டார் சைக்கிள்களும் பெருகியபோது, பல ரோட்ஸ்டர்கள் கொட்டகையிலும் கிணற்றடியிலும் சாய்த்து வைக்கப்பட்டன. இன்று புதுப்பிக்க எடுக்கப்படும் வண்டிகளில் காணும் இறுக்கம், ஓட்டத்தால் வந்ததைவிட ஓடாமல் கிடந்ததால் வந்ததே அதிகம்.

எதைக் காப்பது, எதை இழப்பது

பழைய மிதிவண்டிகளைச் சேகரித்துக் காக்கும் முயற்சி அமைப்பு முறையில் வளர்ந்தது இருபதாம் நூற்றாண்டில். 1955இல் இங்கிலாந்தில் பழைய மிதிவண்டி ஆர்வலர் சங்கம் தோன்றியது. கவென்ட்ரி போக்குவரத்து அருங்காட்சியகம் போன்ற இடங்களில் பழைய வண்டிகள் காக்கப்படுகின்றன.

பழைய வண்டி ஒரு சான்றாவணமும் ஆகும். 1902இல் தோன்றிய ஸ்டர்மி–ஆர்ச்சர் மூன்று வேக ஹப்பை எடுத்துக்கொள்ளலாம். பிற்காலத்து ஹப்புகள் பலவற்றின் மேற்கூட்டில் அது செய்யப்பட்ட ஆண்டைக் குறிக்கும் எண் பொறிக்கப்பட்டிருக்கும். வண்டியின் வயதை அறிய அது பெருந்துணை. இத்தகைய ஹப் பெரும்பாலும் காய்ந்த எண்ணெயால்தான் இறுகியிருக்கும்; எண்ணெய்த் துளை வழியே மெல்லிய எண்ணெய் விட்டுச் சில நாள் பொறுத்தால் பல நேரங்களில் தானே சுழலத் தொடங்கும். பொறுமையின்றி ரம்பமும் அரமும் எடுப்பவர் பொறிப்பையும் சேர்த்து அழித்துவிடுகிறார். நாட்டிங்காமில் ராலே வண்டித் தயாரிப்பு 2002இல் முடிவுக்கு வந்தது. அட்லஸ் நிறுவனத்தின் கடைசித் தொழிற்சாலையும் 2020இல் நின்றது. அழிந்த பாகத்தைச் செய்து கொடுக்க அந்தத் தொழிற்சாலைகள் இப்போது இல்லை.

சில நேரங்களில் ஏதேனும் ஒன்றை உடைத்தே ஆகவேண்டிய நிலை வரும். அப்போது அனுபவமுள்ளவர்கள் பின்பற்றும் வரிசை தெளிவானது. போல்ட்டைக் காக்க நட்டைப் பிளக்கலாம். அச்சையும் கிராங்க்கையும் காக்கக் காட்டர் பின்னைத் துளைக்கலாம். பிரேமைக் காக்கச் சீட் தண்டை அறுத்தெடுக்கலாம். எங்கும் கிடைப்பதை இழந்து, எங்கும் கிடைக்காததைக் காப்பதே இதன் அடிப்படை. தலைகீழாகச் செய்தால், கையில் பளபளக்கும் புதிய நட்டும் மரை அழிந்த பழைய பிரேமும் மிஞ்சும்.

விடுவித்த பாகத்தை மீண்டும் பூட்டும்போது மரையிலும் தண்டிலும் மெல்லிய கிரீஸ் பூசுவது கடைசி வேலை. இன்னும் முப்பது ஆண்டு கழித்து அதே வண்டியைக் கழற்றப்போகும் ஒருவருக்கு அந்தக் கிரீஸ் உதவும்.